இரண்டு ஆள் கேட்கும் டிக்கி

அன்று என் வீட்டு வாசலில் இருந்தவர்கள் யார் யார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கீழச்சிவல்பட்டியில் பாதிப் பேர் தாங்களும் இருந்ததாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். நான் இருந்தேன், சாத்தப்பன். என் மகன்கள் நாச்சியப்பனும் சேவுகனும் இருந்தார்கள். இறந்துபோன என் மூத்த மகன் வயிரவனின் மகள் உமையாள் இருந்தாள். சமையல்கார மீனம்மாள், டிரைவர் சொக்கு. சிவகங்கையிலிருந்து நான் வரவழைத்த துப்பறிவாளர் மரிய ஜெரால்டு, அவருடைய உதவியாளர் சுஹானா. சம்பந்தி வீட்டார் வந்து இறங்கும்வரை வேறு யாரும் இல்லை. வயிரவனின் கார் இருந்தது. அதற்குப் பேசத் தெரியாது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

மறுநாள் உமையாளுக்குக் கல்யாணம். அன்று மாலை கழுத்திரு கோர்க்க வேண்டும். எங்கள் பெண்களுக்குத் தாலி என்பது ஒரு பொட்டும் ஒரு கயிறும் அல்ல. உருப்படி உருப்படியாகத் தங்கத்தை எடுத்து, மஞ்சள் நூலில், பங்காளிகள் கண்முன்னே கோர்ப்பது. சம்பந்தி வீட்டாரும் உட்கார்ந்து பார்ப்பார்கள். தங்கம் இல்லையென்றால் அந்த இடத்திலேயே கல்யாணம் நின்றுவிடும்.

தங்கம் இல்லை.

முந்தின நாள் காலை அதைக் காரைக்குடி வங்கிப் பெட்டகத்திலிருந்து எடுத்தோம். "எங்க ஆத்தா கழுத்துல கெடந்தது. எங்க அப்பச்சி காருலதான் வீட்டுக்கு வரணும்" என்று உமையாள் பிடிவாதம் பிடித்தாள். தாயும் தகப்பனும் இல்லாத பெண். சரி என்றேன்.

அது இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார். வயிரவன் பினாங்கிலிருந்து கப்பலில் கொண்டுவந்து இறக்கியது. அவன் போனபிறகு துணி போர்த்தியே நின்றது. அதன் முதுகு முழுவதும் சாய்ந்த கண்ணாடி. அந்தக் கண்ணாடிதான் டிக்கி. டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு லீவர் இருக்கும். அதை இழுத்தால் டிக்கி திறக்க வேண்டும். சீட்டுக்கும் டிக்கிக்கும் நடுவே, தன் சிப்பிப்பாறை நாய்க்காக வயிரவன் இரும்புக் கம்பி பற்றவைத்திருந்தான். அந்த வழியாகக் கை நுழையாது.

வங்கி வாசலில் பெட்டியைச் சிவப்புப் பட்டில் சுற்றி உள்ளே வைத்து, வருஷக்கணக்காகச் சாத்தாமலே கிடந்த டிக்கியை அழுத்திச் சாத்தினோம். வீட்டுக்கு வந்தால் திறக்கவில்லை. உமையாள் லீவரை இழுக்க, சொக்கு கண்ணாடியைத் தூக்கினான். தூக்கத் தூக்க இறுகியது. என் மகன்கள் ஆளுக்கொரு தூணில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்ணாடியை உடைக்கலாம் என்றேன். உமையாள் குறுக்கே நின்றாள். மதியம் மெக்கானிக் வருவதாகச் சொல்ல, காரின் முன்கதவுக்குப் பூட்டு கிடையாது என்பதால் சொக்குவைக் காவல் வைத்தேன்.

அவன் மதியம் சாப்பிடப் போய்விட்டு வந்தான். பிறகு நான் போய்க் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். பட்டுத்துணி தட்டையாகக் கிடந்தது.

டிக்கி மூடியபடி இருக்கிறது. பெட்டி இல்லை. காவலுக்கு இருந்தவன் ஒருவன். மெக்கானிக்கை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சொக்குவை வாசல் சிமெண்டுத் தரையில், காருக்குப் பக்கத்தில், வெயிலில் உட்காரச் சொன்னேன். செருப்பைக் கழற்றச் சொன்னேன். "நான் எடுக்கலைங்கய்யா" என்று ஒரு தடவை சொன்னான். இரண்டாம் தடவை அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இரவும் அங்கேயே இருந்தான்.

போலீஸ் ஜீப் என் வாசலில் நின்றதில்லை. அதனால் ஜெரால்டை வரவழைத்தேன். யார் எடுத்தது என்று கண்டுபிடிக்க அல்ல. எடுத்ததை எங்கே வைத்திருக்கிறான் என்று கண்டுபிடிக்க.

ஜெரால்டு முன்பு வாகன இன்சூரன்ஸ் சர்வேயராக இருந்தவர். குறைவாகப் பேசுவார். அந்தக் குறையைச் சுஹானா நிறைவு செய்வாள். வக்கீலுக்குப் படித்த காரைக்குடிப் பெண். வாய்க்குப் பூட்டு கிடையாது. வந்து இறங்கியதும் தன் பையிலிருந்த தண்ணீர் பாட்டிலைச் சொக்குவிடம் நீட்டினாள்.

"அவனுக்குத் தண்ணி குடுக்க நான் உங்களைக் கூப்பிடலை" என்றேன்.

"பில்லுல சேக்க மாட்டேன் ஐயா. ஓசிதான்."

"ஐயா, சொக்கண்ணனை நிழலுக்காச்சும் வரச் சொல்லுங்க" என்றாள் உமையாள். முந்தின நாளிலிருந்து அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"உன் கழுத்துக்கு உள்ளதை எடுத்தவனுக்கு நிழல் கேக்குறியா?"

அவள் உள்ளே போனாள்.

முந்தின நாள் நடந்ததையெல்லாம் என்னிடம் கேட்டுக்கொண்டே ஜெரால்டு காரைச் சுற்றி வந்தார். லீவரை இழுத்தார், டிக்கி அசையவில்லை. குனிந்து, கண்ணாடி விளிம்பில் ஓடும் கறுப்பு ரப்பரை விரலால் தடவி முகர்ந்தார். விரலை என்னிடம் நீட்டினார்.

"இது என்ன வாசம்னு சொல்லுங்க."

விளக்கெண்ணெய். அதில் கற்பூரம்.

"எங்க வீட்டுத் தேக்குக் கதவுக் கீலுக்குப் போடுறது" என்றேன். "கற்பூரம் கரைச்சா பூச்சி அண்டாது. எங்க ஐயா காலத்து வழக்கம்."

"ஊருல வேற யாரும் இப்படிப் போடுவாகளா?"

"அவங்க வீட்டுல ஏது தேக்கு?"

சுஹானா என் வீட்டுப் பெண்ணாக இருந்திருந்தால் அப்போது சிரித்ததற்கு அறை வாங்கியிருப்பாள்.

"ரப்பர்ல எண்ணெய் போட்டா ஊறிப்போய் இன்னும் ஒட்டிக்கிரும்" என்றார் ஜெரால்டு. "கார் புழங்குற யாரும் செய்ய மாட்டாக. கதவைக் கண்டதும் எண்ணெய்க் கிண்ணத்துக்குக் கை போற ஆளுதான் செய்வாக. கார் மேல முழுக்கத் தூசி. எண்ணெய் மேல தூசியே இல்லை. நேத்துப் போட்டது. கிண்ணம் எங்க இருக்கும்?"

"உள்ள, முற்றத்தைத் தாண்டி, இரண்டாங்கட்டு மாடத்துல."

"சொக்கு இரண்டாங்கட்டுக்கு வருவாரா?"

 உள்ளதைச் சொன்னேன். "முகப்பைத் தாண்டி அவன் வந்தது கிடையாது. டிரைவருக எங்க வீட்டுக்குள்ள வரக் கூடாது. சாப்பாடு பின்வாசல்ல. அதுக்கும் தெருவைச் சுத்தித்தான் போகணும்."

எங்கள் வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறது. சுற்றிப் போய்ச் சாப்பிட்டு வருவதற்குள் வெற்றிலை போட்டு ஒரு தூக்கமும் போட்டுவிடலாம்.

"அருமையான சட்டம்யா" என்றாள் சுஹானா. "உள்ளாற விடாம சுத்தவிட்டதுல கள்ளனுக்கு நேரம் கெடச்சுது. உள்ளாற விடாததாலயே இவரு கள்ளன் இல்லைன்னும் ஆச்சு. ஒரே கல்லுல ரெண்டு சுவரு எழுப்பிருக்கீக."

"அப்ப உள்ள இருக்கிறவ எடுத்துக் குடுத்திருப்பா" என்றேன். மீனம்மாளைக் கூப்பிட்டேன். "சோறு போடுறப்ப எண்ணெயும் சேத்துக் குடுத்து விட்டியா?"

மீனம்மாள் கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "நீங்க சின்ன வயசுல எங்க ஆத்தா கையில சாப்பிட்டீக. இப்ப என் கையில சாப்பிடுறீக. கள்ளி கையின்னா, நேத்து ராத்திரி எப்படி ஐயா உங்களுக்குச் சோறு இறங்குச்சு?" என்று சொல்லி அழுதாள். அழுவது யாருக்கும் எளிது. நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"சுஹானா, உள்ள உக்காரு" என்றார் ஜெரால்டு.

அவள் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து லீவரை இழுத்தாள். ஜெரால்டு கண்ணாடியைத் தூக்கவில்லை. அமுக்கினார். நடுவில் அமுக்கினார்; ஒன்றும் இல்லை. வலது மூலையில், ஒன்றும் இல்லை. இடது மூலையில் உள்ளங்கையை வைத்து, "இழு" என்று சொல்லி அமுக்கினார். உள்ளே எதுவோ விடுபட்டது. கண்ணாடி ஒரு சாண் எழும்பி நின்றது.

எழும்பியதை உடனே சாத்திவிட்டார்.

"திறந்ததை எதுக்கு மூடுனீக?" என்றேன்.

"நான் திறந்து என்ன செய்ய? எடுத்தவுகதான் திறக்கணும்" என்றார். "கதவுல ஒரு முளை இருக்கு, கீழ கொக்கி. முளை குட்டையா இருக்கு, அதனால கொக்கியை எந்நேரமும் இழுத்துப் பிடிச்சிருக்கு. தூக்குனா இன்னும் கடிக்கும். அமுக்குனாத்தான் விடும், அதுவும் இந்த மூலையில, லீவர் இழுக்கிற அதே நேரத்துல. ரெண்டு ஆள் வேணும் ஐயா. இந்தச் சூட்சுமம் தெரிஞ்ச ரெண்டு ஆள். உங்க மகன்களைக் கூப்பிடுங்க."

"அவங்க ரெண்டு பேரும் பேசிக்கிறதே கிடையாது" என்றேன்.

ஊருக்கே தெரிந்த விஷயம்தான். வீட்டைப் பங்கு பிரித்ததிலிருந்து பேச்சு இல்லை. முற்றத்துக்கு இந்தப் பக்கம் ஓர் அடுப்பு, அந்தப் பக்கம் ஓர் அடுப்பு. வந்தார்கள். ஆளுக்கொரு தூணைப் பிடித்துக்கொண்டார்கள்.

"மீனம்மா" என்றான் நாச்சியப்பன், தம்பியைப் பார்க்காமல். "அங்குட்டு நிக்கிறவரை வழியை விட்டு நிக்கச் சொல்லு."

கண்ணைத் துடைத்துக்கொண்டு மீனம்மாள் சொன்னாள்: "பெரியவுக வழியை விடச் சொல்றாக."

"இது பொதுவழின்னு அந்தாளுகிட்டச் சொல்லு" என்றான் சேவுகன்.

"மீனம்மாக்கா, ரெண்டு சம்பளம் கேளுங்க" என்றாள் சுஹானா. "சமையலுக்கு ஒண்ணு, தபாலுக்கு ஒண்ணு."

ஜெரால்டு சேவுகனைப் பார்த்துச் சொன்னார்: "சின்னவரே, காருக்குள்ள உக்காந்து அந்த லீவரைக் கொஞ்சம் இழுங்க. எனக்கு முதுகு வலி. பெரியவரே, நீங்க சும்மா பின்னாடி நின்னு, கதவு அசையுதான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க."

பார்க்கத்தான் சொன்னார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

சேவுகன் உள்ளே உட்கார்ந்தான். அவன் தோள் அசைந்ததை நாச்சியப்பன் கண்ணாடி வழியாகப் பார்த்தான். அவன் உள்ளங்கை தானாக எழுந்து, நேராக இடது மூலைக்குப் போய் அமுக்கியது. டிக்கி திறந்துகொண்டது.

 நாச்சியப்பன் தன் கையைப் பார்த்தான். கண்ணாடியில் அவனுடைய கைத்தடம் அப்படியே பதிந்திருந்தது.

"பேச்சு இல்லாட்டியும் பழக்கம் விடலை பாருங்க" என்றாள் சுஹானா.

"எங்க அண்ணன் இருந்தப்பப் பழகுனது" என்றான் நாச்சியப்பன் அவசரமாக. "அவருகூட ஊரு சுத்துறப்ப நாங்கதான் திறப்போம். அதுல என்ன தப்பு? தெரிஞ்சிருக்கிறது குத்தமா?"

"குத்தமே இல்லை" என்றார் ஜெரால்டு. "நேத்துக் காலையில சொக்குவும் இந்தப் பொண்ணும் மல்லுக்கட்டுனாங்க. ஐயா கண்ணாடியை உடைக்கவே கிளம்பிட்டாக. ரெண்டு பேரும் தூணுல சாஞ்சு பாத்துக்கிட்டுத்தான் இருந்தீக. 'தூக்காத, அமுக்கு'ன்னு ஒரு வார்த்தை சொல்லிருந்தா முடிஞ்சிருக்கும். ஏன் சொல்லலை?"

அதற்குப் பதில் நாச்சியப்பனிடமிருந்து வரவில்லை. காருக்குள்ளிருந்து வந்தது.

"உன்னையப் பாக்கத்தான சொன்னாரு!" சேவுகன் கத்தினான். "கையை எதுக்கு வச்ச? சும்மா நிக்க மாட்டியா நீ?"

இத்தனை வருஷத்தில் என் மகன்கள் என் காதுபட நேருக்கு நேர் பேசிக்கொண்ட முதல் பேச்சு அதுதான்.

"எண்ணெய் போடச் சொன்னது நீதானடா" என்றான் நாச்சியப்பன். அது இரண்டாவது.

வாசற்படியில் உமையாள் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. "எங்க?" என்று மட்டும் கேட்டாள்.

 சுஹானா என்னிடம் திரும்பினாள். "ஐயா, ஒருத்தரை ஒருத்தர் நம்பாத ரெண்டு பேரு ஒரு பொருளை எடுத்தா, யாரு கையில வைப்பாக? அண்ணன்கிட்ட வச்சா தம்பிக்குத் தூக்கம் வராது. தம்பிகிட்ட வச்சா அண்ணனுக்கு வராது. ரெண்டு பேரும் சேந்து வந்தாத்தான் திறக்கும்னு இந்த வீட்டுல வேற ஏதாச்சும் கதவு இருக்கா?"

இருந்தது. இரண்டாங்கட்டில் பொதுச் சாமான் அறை. எந்த அண்டா யாருக்கு என்பது பங்கில் முடியாததால், ஆளுக்கொரு பூட்டை அதில் மாட்டியிருந்தார்கள். வருஷக்கணக்காக அந்த இரண்டு பூட்டையும் தாண்டித்தான் நான் பூஜைக்குப் போகிறேன்.

உமையாள் இரண்டு கைகளையும் நீட்டினாள். "சித்தப்பா, சாவி. நீங்களும் குடுங்க."

கொடுத்தார்கள். அவள் மட்டும் உள்ளே போனாள். செப்புக் கொப்பரைக்குள்ளிருந்து பெட்டியை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள். திறந்து காட்டினாள். ஓர் உருப்படியும் குறையவில்லை.

"வயிரவன் அண்ணன் போனதோட அவரு கணக்கும் போச்சு அப்பச்சி" என்றான் சேவுகன். "இந்த வீட்டுத் தங்கம் எதுக்கு இன்னொரு வீட்டுக்குப் போகணும்?"

"அதுக்குச் சொக்குவைக் கள்ளனாக்குனீகளா?" என்று கேட்டேன்.

சேவுகன் என்னை நிமிர்ந்து பார்த்தான். "நாங்க யாரையும் சொல்லலையே அப்பச்சி. மெக்கானிக் வாரதுக்குள்ள எடுத்தோம். அம்புட்டுத்தான். சொக்குன்னு சொன்னது நீங்க. வெயிலுல உக்கார வச்சதும் நீங்க."

ஜெரால்டு தரையைப் பார்த்தார். 

"சொக்கு, எந்திரி" என்றேன்.

அவனால் உடனே எழ முடியவில்லை. காரின் பம்பரைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். அவன் உட்கார்ந்திருந்த இடத்தை என் மகன்களுக்குக் காட்டினேன்.

"செருப்பைக் கழட்டிட்டு உக்காருங்க. ரெண்டு பேரும். சேந்து."

"அப்பச்சி, இன்னும் செத்த நேரத்துல சம்பந்தி வீட்டுல வந்துருவாக" என்றான் நாச்சியப்பன்.  அவனுக்கு நரை விழுந்துவிட்டது, பேரன் எடுத்துவிட்டான்.

"வரட்டும். பாக்கட்டும்."

"ஐயா, வேண்டாம். என் கல்யாணம் ஐயா" என்றாள் உமையாள்.

"இந்த வீட்டுல திருட்டு நடந்துச்சுன்னு நாலு பேருக்குத் தெரியுறதுல எனக்குக் குறைச்சல் இல்லை ஆத்தா. திருடனுக்கு நிழல் குடுத்தாகன்னு ஒருத்தன் பேசக் கூடாது."

உட்கார்ந்தார்கள். தரை சுட்டிருக்கும். இருவரும் கால்களை மாற்றி மாற்றி வைத்தார்கள். சம்பந்தி வீட்டார் வந்து இறங்கினார்கள். வெயிலில் உட்கார்ந்திருந்த என் மகன்களைத் தாண்டித்தான் உள்ளே வந்தார்கள். ஏன் என்று கேட்டவர்களுக்கு நானே காரணம் சொன்னேன், சத்தமாக. சம்பந்தி ஒரு நிமிஷம் நின்றார். பிறகு துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "கோர்த்துரலாம்" என்றார். அந்த மரியாதை தெரிந்த குடும்பம் என்றுதான் பெண் கொடுத்தேன்.

உள்ளே கழுத்திரு கோர்க்கும்போது வாசலில் ஜெரால்டு டிக்கியைச் சரிசெய்துகொண்டிருந்தார். ரப்பரில் இருந்த எண்ணெயைத் துணியால் ஒற்றி எடுத்தார். முளையின் நட்டைத் தளர்த்தி, அதைக் கொஞ்சம் வெளியே திருகி நீளமாக்கி, மறுபடி இறுக்கினார். ரப்பருக்குப் போடப் பவுடர் கேட்டார். சுஹானா தன் கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். "என் மூஞ்சிக்கு வாங்குனது. பரவாயில்லை, காரும் கல்யாணத்துக்கு வந்ததுதான."

வேலை முடிந்ததும் சொக்குவைக் கூப்பிட்டுத் திறந்து பார்க்கச் சொன்னார்.

கோர்த்து முடித்துவிட்டு நான் முகப்புக்கு வந்தபோது அதைப் பார்த்தேன். சொக்கு லீவரை இழுத்தான். பின்னால் வந்து ஒரே கையால் கண்ணாடியைத் தூக்கினான். சத்தமே இல்லை. உள்ளே சிவப்புப் பட்டு இன்னும் கிடந்தது. சட்டைப் பையிலிருந்து கார் சாவியை எடுத்து அதன்மேல் வைத்தான். கதவை மெதுவாகச் சாத்தினான். தரையில் கிடந்த தன் செருப்பைப் போட்டுக்கொண்டான்.

தெருப் பக்கம் போவான் என்று நினைத்தேன். அவன் படியேறினான்.

செருப்புக் காலோடு முகப்புக்குள் வந்தான். முற்றத்தைக் கடந்தான். பந்தியில் உட்கார்ந்திருந்தவர்கள் இலையிலிருந்து நிமிர்ந்தார்கள். இரண்டாங்கட்டில் உமையாள் எழுந்து நின்று, "சொக்கண்ணே" என்றாள். "நல்லா இருங்காத்தா" என்றான். எண்ணெய்க் கிண்ணம் இருக்கும் மாடம், இரண்டு பூட்டும் திறந்து தொங்கிய அறை, அடுப்படியில் மீனம்மாள், எல்லாவற்றையும் தாண்டி, பின்வாசல் வழியாக அடுத்த தெருவில் இறங்கிப் போனான்.

சாத்தப்பன் சொக்குவிடம் மன்னிப்புக் கேட்டு, கையைப் பிடித்து வீட்டுக்குள் அழைத்துப்போய்ப் பந்தியில் உட்கார வைத்தார் என்று கோவிலூர் வரைக்கும் பேசுகிறார்கள். பொய். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கையைப் பிடிக்கவில்லை. அவன் ஒரு வாய் சாப்பிடவும் இல்லை. அவன் வந்தபோது நான் வாசற்படியில் வழியை மறித்து நின்றிருந்தேன். விலகினேன். அவ்வளவுதான்.